வாக்கியத்தின் கடைசிச் சொல்

“மூத்தவன் தவறிட்டான் மேடம்” என்று அந்த மனிதர் சொன்னார். சிதம்பரவடிவின் காதில் விழுந்தது “மூத்தவன் வளந்துட்டான் மேடம்” என்று.

“ரொம்ப சந்தோஷம்” என்றாள். சிரித்தபடியேதான் சொன்னாள்.

அந்த மனிதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஏதோ பிசகிவிட்டது என்று வடிவுக்கு அப்போதுதான் பட்டது. கையிலிருந்த கோப்பைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பதினோரு வயது மகன், குளத்தில் மூழ்கி, எட்டு மாதத்துக்கு முன்பு. அந்தச் சாவுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல்தான் இருவரும் விவாகரத்துக்கு வந்திருந்தார்கள்.

வடிவு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். “பரவால்ல மேடம்” என்று அவர் சொன்னார். அடுத்த தேதிக்கு இருவருமே வரவில்லை.

வல்லநேரி குடும்பநல நீதிமன்றத்தில் வடிவு பதினேழு வருடமாக ஆலோசகர். விவாகரத்து கேட்டு வருகிறவர்களையும், சேர்த்து வையுங்கள் என்று கேட்டு வருகிறவர்களையும் நீதிபதி முதலில் அவளிடம்தான் அனுப்புவார். அவள் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசி, இது ஒட்டுமா ஒட்டாதா என்று அறிக்கை எழுதுவாள். பெரும்பாலும் அந்த அறிக்கையை ஒட்டியே உத்தரவு வரும்.

காது போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் போனது மைனாக்களின் சத்தம். அது போனதே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு போன் மணி, பிறகு குழந்தைகளின் பேச்சு, பிறகு பெண்களின் குரல். கடைசியாக வாக்கியங்களின் முடிவு. தமிழில் ஆமாம் என்பதும் இல்லை என்பதும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கின்றன. போகிறேன், போகமாட்டேன், போயிருப்பேன், போவேனா. மனம் கனத்துப் பேசுகிற யாருக்கும் குரல் தேய்வது சரியாக அந்த இடத்தில்தான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சம் வந்தவர்கள் முகத்தில் விழும்படி நாற்காலியை மாற்றிப் போட்டாள். உதட்டையும் கண்ணையும் விட்டுப் பார்வையை எடுக்க மாட்டாள். ஒரே கேள்வியை வேறு வேறு விதமாக மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொள்வாள். அதற்குமேல் முடியாதபோது, “எழுதிக் குடுங்க, கோப்புல இருக்கட்டும்” என்பாள். அவளுடைய வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது. காது கேளாத ஆலோசகரை எந்த நீதிமன்றம் வைத்துக்கொள்ளும்? வைத்துக்கொண்டாலும், கத்திப் பேச வேண்டிய ஒருத்தியிடம் யார் மனதில் உள்ளதைச் சொல்வார்கள்? சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் இந்த அறைக்கே வந்திருக்க மாட்டார்களே.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவர் கோமதிநாயகத்திடம் நடந்ததைச் சொன்னாள். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கீரையையே உருவினார்.

“இப்பமாவது டாக்டர்ட்ட போவமா?” என்றார்.

“என் காது மோசம்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லயே.”

“சொன்னா ஒனக்குக் கோவம் வரும். அதனால எல்லாத்தயும் ரெண்டு தடவ சொல்லப் பழகிட்டேன். மொத தடவ சும்மா. ரெண்டாந் தடவதாம் ஒனக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஒண்ணு சொல்லட்டா வடிவு? சின்னச் சின்ன விஷயத்த எல்லாம் ஒங்கிட்ட சொல்லுதத விட்டுட்டேன். ரெண்டு தடவ சொல்லுத அளவுக்கு அதுல ஒண்ணுமில்ல பாத்தியா.”

மறுநாள் காலையிலேயே வடிவு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செவித்திறன் நிபுணர் ஜெபசெல்விக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் விதவிதமான சத்தங்களைக் கொடுத்துச் சோதித்தாள். பிறகு திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். இடது பக்கம் மேலே இருந்த கோடு, வலது பக்கம் போகப்போக மலைச்சரிவு போல இறங்கியிருந்தது.

“மெல்லிசான சத்தங்களக் கேக்குற நரம்பு முனைகள் ரெண்டு காதுலயும் பட்டுப்போயிருக்கு மேடம். சாதாரண மிஷின் வச்சா சத்தந்தான் பெருசாகும், தெளிவு வராது. ரொம்பத் தாமசமா வந்திருக்கீங்க.”

“வேற வழி இல்லையா?”

ஜெபசெல்வி ஒரு சிறு பெட்டியைத் திறந்தாள். புளியங்கொட்டை அளவில் இரண்டு கருவிகள் இருந்தன.

“இது ரெண்டு வேல செய்யும். எதிர்ல இருக்கவங்க பேசுறதுல உங்களுக்குக் கேக்காத சத்தத்த, கேக்குற சுருதிக்கு மாத்திக் கொடுக்கும். அது ஒண்ணு. சில சொல்லு ரொம்ப மெதுவா இருக்கும், இந்த மைக்குக்கே எட்டாது. அப்ப, கோடிட்ட இடத்த நிரப்புகன்னு பள்ளிக்கூடத்துல வருமில்லையா, அதைச் செய்யும். முன்ன பின்ன உள்ள பேச்ச வச்சு ஊகிச்சு, அவங்க குரல்லயே அந்தச் சொல்ல உங்க காதுல சொல்லும். வித்தியாசமே தெரியாது.”

“அவங்க சொல்லாததையா?”

“சொன்னதத்தான் மேடம். நமக்குக் கேக்காம சொன்னது.”

“தப்பா ஊகிச்சா?”

“நூத்துக்கு நாலு தப்பா இருக்கலாம். நல்ல காது உள்ளவங்களும் பாதிப் பேச்ச ஊகிச்சுத்தான் கேக்குறாங்க, அவங்களுக்கே தெரியாது. இதுல ஒரு வசதி இருக்கு. ஊகிச்ச சொல் வரும்போதெல்லாம் கூடவே லேசா ‘டிக்’னு ஒரு சத்தம் கொடுக்கும். சந்தேகம்னா நீங்க திரும்பக் கேட்டுக்கலாம். தொந்தரவா இருக்குன்னு நெறையப் பேரு அத அணைச்சு வச்சிருவாங்க.”

“நான் அணைக்க மாட்டேன்” என்றாள் வடிவு.

கருவிகளை மாட்டிக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்றதும் தலை சுற்றியது. செருப்புகள் தரையில் தேய்கிற சத்தம், யாரோ பையைக் கசக்குகிற சத்தம், மின்சார ஆட்டோக்களின் மெல்லிய ரீங்காரம். உலகம் இவ்வளவு சத்தமாகவா இருக்கிறது என்று நினைத்தாள்.

அன்று மாலை கோமதிநாயகம் வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடி, தனக்குத்தானே சொல்வது போல, “எதுத்த வீட்டு மாடியில சுரைக்கா காச்சிருக்கு” என்றார்.

“எத்தன காய்?” என்றாள் அவள், அடுக்களையில் இருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார். “மூணு” என்றார். அப்புறம் எழுந்து அடுக்களைக்கு வந்து, அந்த வீட்டுக்காரர் பந்தல் போட்ட கதை, பந்தல் சரிந்த கதை, பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மூன்றாவது முறையாகப் பல் கட்டிய கதை என்று சொல்லிக்கொண்டே போனார். எத்தனை வருடம் சேர்த்து வைத்த பேச்சோ அது. வடிவு வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இதை ஏன் ஆறு வருடத்துக்கு முன்பே செய்யவில்லை என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

டிக் சத்தம்தான் இடைஞ்சலாக இருந்தது. கோமதிநாயகம் முணுமுணுத்துப் பேசுகிறவர். அவர் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு டிக் விழுந்தது. கட்டின மனிதரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அணைத்தாள். திங்கட்கிழமை நீதிமன்ற வாசலில் நினைவு வந்தது. வெளியே ஏற்கெனவே நான்கு ஜோடிகள் காத்திருந்தார்கள். மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். அந்தக் காலைப்பொழுது அவ்வளவு இதமாகப் போனது. எல்லாரும் தெளிவாக, முழு வாக்கியமாகப் பேசினார்கள். மத்தியானம் அவள் அதைப் போடவில்லை. அதற்குப் பிறகும் போடவில்லை.

நாளைக்கு நான்கு அமர்வுகள் முடித்தவள் ஏழு முடித்தாள். கேட்கக் கேட்கக் குனிந்து எழுதிக்கொண்டே போக முடிந்தது. “மேடத்துக்குப் பத்து வயசு கொறஞ்சு போச்சு” என்று தலைமை எழுத்தர் சொன்னார். கருவியைத் தலைமுடி மறைத்திருந்தது. நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியாது.

சுபிதா வந்தது அந்த நாட்களில்தான். இருபத்தைந்து வயது. மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஐந்து மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். அவள் கணவன் ராஜகனி, காற்றாலைகளைப் பழுது பார்க்கிற நிறுவனத்தில் மேற்பார்வையாளன், மனைவியைத் தன்னோடு சேர்த்து வைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். அமரிக்கையாகப் பேசினான். ஒரு தடவை கோபத்தில் கை நீட்டியது உண்மைதான், இனி நடக்காது என்றான். பிறகு அவனை வெளியே அனுப்பிவிட்டு வடிவு சுபிதாவிடம் தனியாகப் பேசினாள்.

“அவரு கூடப் போயி ஒரு மாசம் இருந்து பாக்குதியாம்மா? சம்மதந்தானா?”

“சம்மதந்தான் மேடம்.”

“பயம் எதுவும் இருக்கா?”

“பயமெல்லாம் இல்ல மேடம்.”

அழகான, தெளிவான குரல். வடிவு எழுதினாள். ‘மனைவிக்கு அச்சம் ஏதுமில்லை. சேர்ந்து வாழச் சம்மதிக்கிறார்.’ எழுதி முடித்து நிமிர்ந்தபோது சுபிதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தாள். வெளியே அடுத்த ஜோடி காத்திருந்தது.

எட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், முதல் மாதச் சோதனைக்காக வடிவு ஜெபசெல்வியிடம் போனாள். ஜெபசெல்வி கருவியைக் கணினியோடு இணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

“வீட்டுல பரவால்ல மேடம். நூறு சொல்லுக்கு ஒம்பது ஊகம். ஆபீஸ்லதான் முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணுன்னா?”

“மூணுல ஒரு சொல் அது நிரப்புனது. ரொம்ப மெதுவாப் பேசுற இடம்போல. டிக் வேற அணைச்சிருக்கீங்க.”

வடிவு திரையைத் தன் பக்கம் திருப்பினாள். “எந்தச் சொல்லுன்னு தெரியுமா?”

“திருத்தறதுக்காகப் பத்து நாளுக்கு வச்சிருக்கும். உங்க கைரேகை வச்சாத்தான் தெறக்கும்.”

அவள் விரலை வைத்தாள். ஜெபசெல்வி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நாள்வாரியாகப் பேச்சு முழுவதும் வரிவரியாக ஓடியது. காதுக்கு வந்த சொற்கள் கறுப்பு, ஊகித்தவை சிவப்பு. வடிவு மேலிருந்து கீழே படித்தாள். பெயர்கள் கறுப்பு, ஊர்கள் கறுப்பு, தேதிகள் கறுப்பு. சிவப்பெல்லாம் வாக்கியங்களின் கடைசியில் இருந்தது. வருவேன், மாட்டேன், உண்டு, இல்லை.

‘பயமெல்லாம்’ கறுப்பு. ‘இல்ல’ சிவப்பு. ‘மேடம்’ கறுப்பு.

“இது எத வச்சு ஊகிக்கும்?” என்று கேட்டாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

“பேச்சுப் போக்க வச்சு. அப்புறம் உங்களையும் வச்சுக் கத்துக்கும். ஒரு பதிலக் கேட்டுட்டு நீங்க திரும்பக் கேட்டீங்கன்னா, தான் தப்பாச் சொல்லிட்டோம்னு எடுத்துக்கும். திரும்பக் கேக்கலைன்னா சரின்னு எடுத்துக்கும். அடுத்த தடவ அந்தப் பதிலுக்குத்தான் முன்னுரிமை.”

வடிவு நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு பெண் போகமாட்டேன் என்றால் அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஏன், என்ன காரணம், யோசித்துத்தான் சொல்கிறாயா? போகிறேன் என்றால் ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை. பதினேழு வருடமாக அப்படித்தான். சேர்த்து வைப்பதுதான் நல்ல ஆலோசகருக்கு அழகு என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், அவளும் நம்பியிருந்தாள். கருவி அவளிடம் கற்றது அதை.

படியிறங்குவதற்குள் சுபிதாவின் எண்ணை அழைத்தாள். அணைக்கப்பட்டிருந்தது. தாய் வீட்டு எண்ணை அழைத்ததும் அவள் தாய் எடுத்தார். நீதிமன்றத்திலிருந்தே நேராகப் போய் எட்டு நாளாகிறது, ஒரே ஒரு தடவை பேசினாள், அதுவும் மருமகன் போனில் இருந்து, நல்லா இருக்கேன் என்றாள், பிறகு பேச்சில்லை என்றார். வடிவு மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அழைத்தாள். அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். புகார் இல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது, திங்கட்கிழமை வந்ததும் பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது.

வீட்டில் கோமதிநாயகம் ஏதோ கேட்டார். அவர் குரலில் வந்த எந்தச் சொல்லையும் அவளால் நம்ப முடியவில்லை. டிக்கைத் திரும்பப் போட்டாள். அவர் “சாப்பிடுதியா” என்றது உண்மை. “ஒண்ணும் ஆயிருக்காது” என்றதில் கடைசிச் சொல்லுக்கு டிக் விழுந்தது.

“என்ன சொன்னிய? திரும்பச் சொல்லுங்க” என்றாள். அவர் சொன்னார். மறுபடி டிக். அவள் அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை காலை இருவரும் காரில் கிளம்பினார்கள். அறிக்கை எழுதியவள் மனுதாரர் வீட்டுக்குத் தானாகப் போவது முறையில்லை என்று அவளுக்குத் தெரியும். வழியில் ஒரு தடவை, “பேசாம திரும்பிரலாமா?” என்றாள். கோமதிநாயகம் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்.

ராஜகனியின் வீடு காற்றாலைகளுக்கு நடுவே நிறுவனம் கட்டிக் கொடுத்த குடியிருப்பின் கடைசியில் இருந்தது. மொத்தம் ஆறு வீடுகள், நான்கு பூட்டிக் கிடந்தன. கார் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. இறக்கைகள் சுற்றுகிற உறுமல் காதுக்குள் நிரம்பியது. ராஜகனி பணிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த சுபிதா, வடிவைப் பார்த்ததும் அவள் தோளைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். கோமதிநாயகம் காரிலேயே இருந்தார்.

சுபிதா ஏதோ சொன்னாள். வடிவின் காதில் “வாங்க மேடம், நல்லா இருக்கேன்” என்று விழுந்தது. நான்கு சொல்லுக்கும் நான்கு டிக் சேர்ந்து, கூரையில் மழை விழுகிற மாதிரி. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட அவளுடையது இல்லை.

வடிவு இரண்டு கருவிகளையும் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சத்தம் தூரத்துக்குப் போயிற்று. சுபிதாவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குக் காது கேக்காதும்மா. ஆறு வருசமாக் கேக்காது. இதுதாம் மிஷின். அன்னைக்கு நீ சொன்ன ஒரு சொல்ல இது தப்பாச் சொல்லிட்டோன்னு பயமா இருக்கு. பயமெல்லாம்னு ஆரம்பிச்சு நீ என்ன சொன்ன? எம் மொகத்தப் பாத்து மெதுவாச் சொல்லு.”

சுபிதா மறுபடி பாதையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். உதடுகள் தெளிவாக அசைந்தன.

“இல்லன்னுதான் சொன்னேன் மேடம்.”

வடிவுக்கு மூச்சு வந்தது. மிஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. திரும்பிப் போய்விடலாம். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அவள் பார்வையை எடுக்கவில்லை. சுபிதாவின் உதடுகள் இன்னும் முடிக்கவில்லை.

“கதவுக்கு வெளியதான் அவரு நின்னாரு. நான் வேற என்ன சொல்லுவேன்? அந்த மேடம் மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்கன்னு எங்க ஊருல ஒரு அக்கா சொன்னா. அவளும் ஒங்ககிட்ட வந்தவதான். அத நம்பித்தான் வந்தேன். இல்லன்னு சொல்லிட்டு ஒங்களையே பாத்துட்டு இருந்தேன். நீங்க எழுதிட்டே இருந்தீங்க.”

பேசும்போது அவள் இடது கையை வலது கையால் முழங்கைக்கு மேலே பிடித்திருந்தாள். விரல்களுக்கு இடையே கன்றிப்போன நிறம் தெரிந்தது. உள்ளே குழந்தை டிவி முன்னால், சத்தமே வைக்காமல், படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

“இப்பம் எங்கூட வாரியாம்மா?” என்றாள் வடிவு. கேட்டுவிட்டு, பதில் முகத்தில் வருகிற வரைக்கும் காத்திருந்தாள்.

சுபிதா உள்ளே போனாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குழந்தையை இடுப்பிலும் ஒரு பையைத் தோளிலும் மாட்டிக்கொண்டு வந்தாள். பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று வடிவு கேட்கவில்லை.

கார் தார்ச்சாலை ஏறியது. எதிரே ஒரு ஜீப் வந்தபோது சுபிதா குழந்தையோடு இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டாள். அது வேறு யாரோ. அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்துவிட்டு, தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாலையில் ராஜகனி வடிவின் எண்ணுக்கு ஒன்பது தடவை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. அந்த எண்ணைப் போலீஸில் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். கருவி மாட்டிக்கொண்ட பிறகு பார்த்த நாற்பத்து மூன்று ஜோடிகளின் கோப்பு எண்களை எழுதினாள். அதில் பத்தொன்பது பேரைச் சேர்ந்து வாழ அனுப்பியிருந்தாள். எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு வேறொருவர் விசாரிக்க வேண்டும் என்று கேட்டாள். அத்தோடு முடித்திருக்கலாம். கோமதிநாயகமும் அதுதான் சொன்னார். ஆனால் அவளால் பேனாவை மூட முடியவில்லை. கருவி வந்த பிறகு எது ஊகம் என்றாவது சிவப்பாகக் காட்டியது. அதற்கு முந்தைய ஆறு வருடம் அவள் தலைக்குள்ளேயே நிரப்பிக்கொண்டதற்கு எந்த நிறமும் கிடையாது. அந்த ஆறு வருடத்தையும் எழுதினாள். உதவிக்கு வந்த கருவியின் மேல் பழி போட எனக்கு மனமில்லை, இதை முதல் வருடமே மாட்டிக்கொண்டு, மாட்டியிருக்கிறேன் என்று சொல்லியும் இருந்தால் இவ்வளவு நடந்திருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீதிபதி தெய்வசகாயத்தின் அறையில் அவள் முன்னால் அந்தக் கடிதம் படிக்கப்பட்டது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிகம் பேசாதவர். மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு மறுபடி போனார். வடிவு முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டிருந்தாள். கருவி வெளியே தெரிந்தது.

“கதவைச் சாத்திட்டு வாங்க” என்றார்.

சாத்திவிட்டு வந்து நின்றாள். பணிநீக்க உத்தரவுக்கு அவள் மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

“மறுவிசாரணைக்கு இன்னிக்கே உத்தரவு போடுறேன். அந்தப் பொண்ணுக்குப் பாதுகாப்பு உத்தரவும் சேர்த்து. நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தாள்.

“இதுல எழுதியிருக்கீங்களே, வாக்கியத்தோட கடைசி கேக்காதுன்னு. மொதல்ல இருந்தே அப்படியா, போகப்போகவா?”

“போகப்போகத்தான் ஐயா.”

“ஏசி ஓடுறப்ப அதிகமாத் தெரியுமா?”

“ஆமாங்கய்யா.”

“சோதனைக்கு எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு மணி நேரம்.” அறிக்கையில் சேர்க்கத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

“ஒரு காது மட்டும்னா?”

வடிவு அவரைப் பார்த்தாள். தலையை எப்போதும் போல ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதை அவள் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மிடுக்கு அது என்றுதான் இரண்டு வருடமாக எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“எத்தன வருசமாங்கய்யா?” என்று மெதுவாகக் கேட்டாள். அவர் முகத்தில் மாற்றமில்லை. அவருடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டாள்.

“நாலு” என்றார். “வக்கீல்கள் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடுறாங்க. அதனால சமாளிச்சுட்டேன். சாட்சிங்கதான்...”

முடிக்கவில்லை. கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தரை. கதவை யாரோ தட்டினார்கள். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினார்கள். அவர் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் தட்டியபோது வடிவு மேஜைமேல் கையை வைத்து அவரைத் தன் பக்கம் பார்க்க வைத்தாள்.

“ஐயா, கதவத் தட்டுதாங்க.”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா?” என்று கேட்டார்.